அழுகாத கண்ணு, இந்தா ஒப்புட்டு

எங்க வீடு குமாரபாளையத்துல, தறிக்கூடத்தை ஒட்டியே. அப்பாவுக்குக் கோவம் வந்தா வாயே திறக்க மாட்டார். போட்ட சோத்தை அப்படியே வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிருவார். அம்மா வட்டலைத் தூக்கிட்டுப் பின்னாடியே போவாங்க. நான் அழுதா எதுக்குன்னு யாரும் கேட்டதில்லை. "அழுகாத கண்ணு, இந்தா"ன்னு அப்பத்தா கையில ஒரு ஒப்புட்டைத் திணிப்பாங்க. கோவத்துக்குப் பட்டினி, அழுகைக்குத் தீனி. மனசுல கெடக்கறதைக் காட்ட எங்க வீட்டுல வேற வழி இருக்கல.

வயசுக்கு வந்ததும் நோம்பிக்கு வந்த சொந்தக்காரங்க ஆரம்பிச்சாங்க. "என்ன கண்ணு, இப்படி உப்பிட்டே?" நாலு பேர் முன்னாடி, வாயில சோறு இருக்கறப்பவே.

கோயமுத்தூர் ஹாஸ்டல்ல இது முத்திருச்சு. பகல் பூரா பட்டினி. வீட்டுல இருந்து போன் வந்த ராத்திரியெல்லாம் பன்னும் மிச்சருமா, வயிறு வலிக்கற வரைக்கும் தின்பேன். அப்புறம் வாந்தி. முதல்ல கண்டுபிடிச்சது பல் டாக்டருங்க. முன்பல்லோட உள்பக்கம் எனாமல் அரிச்சுக் கெடந்தது. புலிமியான்னு இதுக்குப் பேரு. 1979-ல லண்டன்ல ஜெரால்டு ரஸ்ஸல்ங்கற டாக்டர் இதைத் தனி நோயா எழுதி வெச்சிருக்கார். பொட்டாசியம் குறைஞ்சா இதயத் துடிப்பே தடுமாறும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சது.

"நான் வளர்த்ததுதான் தப்பா?"ன்னு அம்மா மனநல டாக்டர் முன்னாடி ஒடைஞ்சு அழுதாங்க. அப்படி ஒருத்தர் தலையில கட்ட முடியாதுங்கன்னார் அவர். பரம்பரை, சுபாவம், பட்டினி, கேலிப்பேச்சு எல்லாம் சேர்ந்துதான் இது வருது. வளர்ற வயசுப் புள்ளைகளுக்குப் பெத்தவங்களையே பக்கத்துல உக்கார வெச்சு சாப்பாட்டைப் பார்த்துக்கச் சொல்ற வைத்தியமே இருக்குதாம், லண்டன் மாட்ஸ்லி ஆஸ்பத்திரியில உருவானது. எங்கம்மாவுக்கு அதைக் கேட்டப்புறம்தான் மூச்சே வந்தது.

எனக்குச் சொன்னது ரெண்டு. நேரத்துக்குச் சாப்பிடணும், பட்டினிதான் ராத்திரி வெறியைக் கிளப்புது. கை மிச்சர் பாக்கெட்டுக்குப் போறப்ப, சித்த முன்னாடி என்ன நடந்துச்சுன்னு நோட்டுல எழுதணும். என் நோட்டுல பாதிக்கு மேல "அப்பா பேசல"ன்னுதான் இருந்தது. அதை அப்பாகிட்டயே காட்டினேன். ரொம்ப நேரம் படிச்சார்.

இப்படித் தவிக்கற புள்ளைக யாராச்சும் இதைப் படிச்சா, 14416-க்குக் கூப்பிடுங்க. டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண், தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. டாக்டர்கிட்ட வாந்தி விஷயத்தை மறைக்காதீங்க, பொட்டாசியம் டெஸ்ட்டையும் கேட்டு எடுத்துருங்க.