அடுத்த காம்பராப் பொங்கல்

இலங்கை மலைநாட்டில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், அதாவது தொழிலாளருக்கான வரிசை வீட்டில், பிறந்து, இன்றும் அதே லயத்தில் வசிப்பவள் நான். எங்கள் காம்பராவுக்கும் (லயத்தில் ஒரு குடும்பத்துக்குரிய அறை) அடுத்த காம்பராவுக்கும் நடுவிலுள்ள சுவர் கூரைவரை எட்டாது. அங்கே தாளிக்கும் மணம் இங்கே வரும்; இங்கே பாடும் கீர்த்தனை அங்கே கேட்கும். மாரியம்மன் திருவிழா நாளில் அடுத்த வீட்டு அக்கா சர்க்கரைப் பொங்கலையும் சுண்டலையும் வாழையிலையால் மூடிக் கொண்டுவந்து தருவார். கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுப் பலகாரம் அவர் வீட்டுக்குப் போகும். இந்தக் கொடுக்கல் வாங்கல் என் அம்மாவின் காலத்திலிருந்தே நடந்துவருகிறது.

தோட்டத் தொழிலாளர்களிடையே ஊழியம் செய்வதற்கென 1854 இல் தொடங்கப்பட்ட தமிழ்க் கூலி மிஷனின் உபதேசியார் ஒருவர் வழியாகத்தான் எங்கள் குடும்பத்துக்குச் சுவிசேஷம் வந்தது என்று பாட்டி சொல்லுவார். (அந்தப் பெயரிலுள்ள 'கூலி' என்ற சொல் இன்றைக்கும் எனக்குச் சுருக்கென்று தைக்கும், அதை வேறொரு நாள் எழுதுகிறேன்.) நான்கு தலைமுறையாகக் கிறிஸ்தவர்களாக இருப்பதால், படைத்த பொங்கல் எங்களுக்கு வெறும் பொங்கல்தான். அதைச் சாப்பிடுவதால் தேவனிடத்தில் குறைந்துபோக மாட்டோம் என்பது எனக்குப் பாடம்செய்த வேதவசனமாக மட்டுமன்றி, உடம்பில் ஊறிய பழக்கமாகவும் இருந்தது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு திருவிழா மாலையில் அக்கா தந்த பொங்கலை வாசற்படியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் சபையில் அந்த ஆண்டுதான் ஞானஸ்நானம் பெற்றிருந்த ஒரு தம்பி அவ்வழியாகப் போனான். அவனுடைய தகப்பனார் தோட்டத்தின் மேற்பிரிவான மேல்கணக்கில் முனியாண்டி கோயில் பூசாரி. சிறுவயது முதல் சாமியாட்டத்தையும் குறிகேட்பதையும் மிக அருகிலிருந்து பார்த்து வளர்ந்தவன் அவன். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனான், நானும் சிரித்தேன். 'டீச்சரே சாப்பிடும்போது எனக்கென்ன' என்று நினைத்து, அன்றிரவு தன் வீட்டுப் படையலில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான். விடியும்வரை அவனுக்கு உறக்கமில்லை. கைவிட்ட சாமி கோபித்திருக்குமோ என்ற பயம் ஒருபக்கம், கைப்பிடித்த ஆண்டவருக்குத் துரோகம் செய்துவிட்டோமோ என்ற பயம் மறுபக்கம். அதன்பிறகு ஏறத்தாழ இரண்டு மாதங்கள் அவன் ஆராதனைக்கு வரவில்லை. காரணத்தை அவன் தங்கை சொல்லித்தான் அறிந்தேன்.

அப்போஸ்தலன் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தில், விக்கிரகங்களுக்குப் படைத்ததைப் புசிப்பதைப் பற்றிய எட்டாம் அதிகாரத்தை அதற்கு முன்பும் பலமுறை வாசித்திருக்கிறேன், ஓய்வுநாள் பாடசாலையில் கற்பித்தும் இருக்கிறேன். கொரிந்து நகரில் கோயிலும் விருந்துமண்டபமும் தனித்தனியானவையல்ல. அங்கே நோய் தீர்க்கும் கிரேக்கத் தெய்வமான அஸ்கிளேப்பியஸின் கோயில் வளாகத்தில் பந்தியிருப்பதற்கென்றே கட்டப்பட்ட அறைகளை அகழ்வாய்வில் கண்டிருக்கிறார்கள். பலியிட்ட இறைச்சி கடைத்தெருவிலும் விற்பனைக்கு வந்தது. விக்கிரகம் ஒன்றுமில்லை என்று அறிந்திருந்த கொரிந்தியரைப் பவுல் மறுக்கவில்லை. அவர்களுடைய அறிவு சரிதான் என்று ஒப்புக்கொண்டபின், அறிவுள்ள ஒருவன் கோயிலில் பந்தியிருப்பதைக் காணும் பலவீனனுடைய மனச்சாட்சி, படைக்கப்பட்டதைப் புசிக்கத் 'துணிவுகொள்ளுமல்லவா?' என்று கேட்கிறார். இந்தத் 'துணிவு' என்ற இடத்திலுள்ள கிரேக்கச் சொல்லும், அதே அதிகாரத்தின் தொடக்கத்தில் அன்பு 'பக்திவிருத்தியை' உண்டாக்கும் என்ற இடத்திலுள்ள சொல்லும் ஒன்றே: கட்டியெழுப்புதல். நம் மொழிபெயர்ப்பில் அவை இரண்டு சொற்களாகப் பிரிந்துவிட்டதால், பவுலின் குத்தல் மறைந்துபோகிறது. அந்த வாசற்படியில் உட்கார்ந்து நான் ஒருவனைக் கட்டியெழுப்பியிருக்கிறேன், அவனுடைய அழிவுக்காக.

இனிமேல் பொங்கல் வேண்டாம் என்று சொல்லிவிடலாமே என்று சபையிலுள்ள சிலர் எளிதாகச் சொன்னார்கள். லயத்தில் வாழாதவர்களுக்குத்தான் அது எளிது. ஒருவர் கையால் தரும் உணவை மறுப்பதற்கு மலைநாட்டில் ஒரு பழைய பொருள் உண்டு. சாதியைச் சொல்லிப் பாத்திரம் பிரித்த காலத்தின் நினைவு இன்னும் முற்றாக ஆறவில்லை. என் விசுவாசத்தைக் காக்கப்போய் அக்காவின் முகத்தில் அந்தப் பழைய வடுவைக் கீறினால், அதுவும் இடறல்தான். யூதருக்கும் கிரேக்கருக்கும் தேவனுடைய சபைக்கும் இடறலற்றவர்களாயிருக்கும்படி அதே நிருபத்தில் பத்தாம் அதிகாரம் கேட்கிறது. சபை என்பது அந்த வரிசையில் கடைசியாக வருவதைக் கவனித்தபோது எனக்குச் சற்று வெட்கமாயிருந்தது.

அடுத்த திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்பு அக்காவிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார். "இதச் சொல்றதுக்கா இம்புட்டு யோசிச்ச? படைக்கிறதுக்கு முந்தியே ஒனக்கு ஒரு சட்டியில எடுத்து வச்சிர்றேன். அந்தப் பயலுக்கும் சொல்லிரு, டீச்சர் தின்னது படையல் இல்லன்னு." நான் நினைத்துப் பார்க்காத தாராளம் அது. என் சுதந்திரத்தை விட்டுக்கொடுத்தவள் நான் என்று பெருமைகொள்ள இடமில்லாதபடி, விட்டுக்கொடுத்தவர் அக்காவே.

'இடறல்' என்ற சொல் எங்கள் சபையில் மலிவாகப் புழங்குவதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அறுப்புப் பண்டிகையில் தப்பு என்ற பறையை அடிக்க இளைஞர்கள் விரும்பியபோது, அது தங்களுக்கு இடறல் என்று மூப்பர் இருவர் தடுத்தார்கள். தப்புச் சத்தத்தைக் கேட்டு அவர்கள் கோயிலுக்குத் திரும்பிவிடப் போகிறார்களா? இல்லை. அவர்களுக்கு அது பிடிக்கவில்லை, எந்தச் சாதியார் கையில் இருந்த வாத்தியம் என்ற நினைப்பும் போகவில்லை, அவ்வளவுதான். பவுல் சொல்லும் பலவீனன், நம்மைப் பார்த்துத் தன் மனச்சாட்சிக்கு விரோதமானதைச் செய்துவிடக்கூடியவன். நம்மைப் பார்த்து முகம் சுளிப்பவன் அல்லன். அந்தியோகியாவில் அப்போஸ்தலன் பேதுரு யூதரல்லாத புறஜாதியாரோடு சாப்பிடுவதை நிறுத்தி விலகியதும் யூத விசுவாசிகள் சிலருடைய மனம் கோணக்கூடாது என்பதற்காகத்தான். அதைப் பவுல் பொறுத்துக்கொள்ளாமல் முகமுகமாய் எதிர்த்தார். தன் உடன் ஊழியன் தீமோத்தேயுவுக்கு யூதரை முன்னிட்டு விருத்தசேதனம் செய்வித்த அதே பவுல், இன்னொரு உடன் ஊழியனான தீத்துவுக்கும் அதைச் செய்யச் சிலர் வற்புறுத்தியபோது இணங்கவே இல்லை. சபையிலே பலமுள்ள நாற்காலிகளில் உட்கார்ந்துகொண்டு பலவீனரின் வசனத்தைக் கேடயமாகப் பிடிப்பவர்களுக்காக நான் எதையும் விடப்போவதில்லை. இளைஞர்கள் தப்பு அடித்தால் நானும் கைதட்டுவேன்.

அந்தத் தம்பி திரும்பவும் ஆராதனைக்கு வருகிறான். அக்காவின் வழியைத் தன் தாயிடம் கேட்டுப் பார்த்தானாம். பூசாரி வீட்டில் அது நடக்காது. சாமிக்கு முந்தி எடுத்தால் படையலே எச்சிலாகிவிடும் என்று அந்த அம்மா அழுதிருக்கிறார். அவருக்கும் ஒரு மனச்சாட்சி உண்டு, அதையும் மிதிக்க முடியாது. இந்த ஆண்டு திருவிழாவன்று வீட்டுக்குப் போகலாமா, அதே அடுப்பில் கொதித்த தேத்தண்ணீரைக் குடிக்கலாமா என்று என்னிடம் வந்து கேட்டான். போய்க் குடி, எந்த அடுப்பு என்று விசாரிக்காதே என்றேன். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்றான். இருவருமாக மேல்கணக்குக்கு ஏறிப்போய், அந்த அம்மா தந்த தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு, படையல் தொடங்குமுன் இறங்கி வந்தோம்.