மருந்துக்கடை டூட்டி சார்ட்: 112-ஐ 48-ஆல் வகுத்தால்

காலை 7 மணிக்குத் திறந்து இரவு 11-க்கு ஷட்டர் இறக்கும் மருந்துக்கடைக்கு டூட்டி சார்ட் போடுகிறவர்கள் பெரும்பாலும் பெயர்களில் தொடங்குவார்கள்: யாருக்கு என்றைக்கு ஆஃப், யார் இரவு இருக்க மாட்டார். மணிக்கணக்கில் தொடங்கினால்தான் சார்ட் நிற்கும்.

நாளுக்கு 16 மணி, வாரத்துக்கு 112. டாக்டர் சீட்டு மருந்தைப் பதிவு பெற்ற பார்மசிஸ்ட் மேற்பார்வையில்தான் கொடுக்க வேண்டும். ஆக, 112 மணியும் ஒரு பார்மசிஸ்ட் கடையில் இருந்தாக வேண்டும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 வைத்திருக்கும் வரம்பு நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48. தாண்டினால் ஓவர்டைம், இரட்டிப்புக் கூலி. 112-ஐ 48-ஆல் வகுத்தால் 2.33. 'ரெண்டு பார்மசிஸ்ட் போதும்' என்பது இங்கேயே உடைகிறது.

அடுத்த சிக்கல் சாப்பாட்டு நேரம். நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்குவதானால் அதற்குள் ஒரு மணி ஓய்வு தந்திருக்க வேண்டும். 7 மணிக்கு வந்தவர் 11-க்கு எழுந்தால் அந்த நாற்காலியில் யார்? அதனால் 7–4, 11–8, 2–11 என்று மூன்று ஷிப்ட். முதலாமவருக்கு 11–12, நடு ஆளுக்கு 3–4, இரவு ஆளுக்கு 5–6 ஓய்வு. மாலை கிளினிக் கூட்டம் ஆறு மணிக்கு மேல்தான் வரும் என்பதால் 5–6-ஐ நகர்த்தாதீர்கள். நடு ஆள் பத்து நிமிடம் பிந்தினால் காலைக்காரரின் சாப்பாடு பிந்தும். முதல் முணுமுணுப்பு அங்கேதான் கிளம்பும்.

மூவருக்கும் வார ஆஃப் கொடுத்தால் மூன்று நாள் இருவர்தான். அந்த நாட்களிலும் 7 மணிக்கே திறந்தால் 11–12-க்கு ஆள் இராது. 10 மணிக்குத் திறந்து, 10–7, 2–11 என்று வையுங்கள். முதலாமவருக்கு 2–3, மற்றவருக்கு 5–6 ஓய்வு. இடையில் காலி இல்லை. காலை வியாபாரம் கொஞ்சம் போகும், உண்மைதான். ஞாயிறை இதில் சேர்த்தால் வலி குறைவு. மாதத்தின் முதல் பத்து நாள் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வாங்குவோர் குவிவார்கள். அப்போது யாருக்கும் கூடுதல் லீவு வேண்டாம்.

2 மணி முதல் 4 வரை ஷிப்ட் ஒன்றன்மேல் ஒன்று விழுவதை வீண் சம்பளம் என்று நினைக்க வேண்டாம். எச்1 பதிவேட்டில் (சில வகைச் சீட்டு மருந்துகளின் விற்பனையைத் தனியாகக் குறிக்கும் நோட்டு) விடுபட்டதை எழுதுவது, கல்லாவை எண்ணிக் கைமாற்றுவது, இன்சுலின் ஃபிரிட்ஜ் 2–8 டிகிரிக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது, தீர்ந்துபோன மருந்துக்கு ஆர்டர் சொல்வது எல்லாம் அந்த நேரத்தில்தான் நடக்கும்.

ஷிப்ட் மாற்றிக்கொள்ள விரும்பினால் பார்மசிஸ்ட் பார்மசிஸ்ட்டோடுதான் மாற்ற வேண்டும். கவுண்டர் ஆள் அந்த இடத்தில் நின்றால் சார்ட்டில் பெயர் நிரம்பியிருக்கும், சட்டப்படி கடையில் ஆள் இருக்காது. இரவு 11-க்கு மூடியவரை மறுநாள் 7-க்குத் திறக்கப் போடுவதும் கூடாது. இடையில் எட்டு மணிதான். அதில் பஸ்ஸுக்கே ஒன்றரை போய்விடும்.