வெர்சா ஏசி: முள் கடைசியில் நின்றது

நேற்று சாயங்காலம் என் மாருதி வெர்சா வேனின் முன் ஏசி காற்றில் தெர்மாமீட்டர் 9 டிகிரி காட்டியது. வெளியே 34. மூன்று வருடமாகப் பங்குனியில் கேஸ் ஏற்றுவதும் ஆடிக்குள் அது காணாமல் போவதுமாக இருந்த வண்டி இது. 2004 மாடல், பின்னாலும் தனி கூலிங் காயில் உள்ள ட்வின் ஏசி. எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, தூசிக்குப் பயந்து கண்ணாடியை இறக்கவும் முடியாமல், அம்மாவை உட்கார வைத்துக்கொண்டு நின்ற ஒரு மதியத்தில்தான், இந்த முறை நானே பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

வழக்கமாகப் போகும் கடையில் ஒரு தடவைகூட வாக்யூம் போட்டதில்லை, அதாவது பம்ப் வைத்து உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்ததில்லை. கேஸ் கேனை மாட்டி, அழுத்தம் காட்டும் கேஜில் எண் வந்ததும் காசு வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பக்கத்துத் தெரு ஃப்ரிட்ஜ் மெக்கானிக் அண்ணனிடம் பம்பும் நைட்ரஜன் சிலிண்டரும் இரவல் வாங்கினேன். உள்ளே பழைய கேஸ் துளியும் இல்லை. 150 பிஎஸ்ஐ அழுத்தத்தில் நைட்ரஜன் ஏற்றி, ஒவ்வோர் இணைப்பிலும் சோப்பு நுரை தடவினேன். எஞ்சின் பக்கம் எல்லாம் சுத்தம். பின் காயிலுக்குத் தரைக்கு அடியில் போகும் அலுமினியக் குழாயின் இணைப்பில், கடுகு கடுகாகக் குமிழ் வந்துகொண்டே இருந்தது. கழற்றினால் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் தோசைபோலத் தட்டையாகிக் கிடந்தது. அந்தக் குழாயின் எல்லா ஓ-ரிங்கும் பச்சை நிறத்தில் புதிது, ஈரத்தை உறிஞ்சும் ட்ரையரும் புதிது. ரிங்கில் பேக் ஆயில் (ஏசி கம்ப்ரசர் ஆயில்) தடவாமல் மாட்டாதீர்கள், முறுக்கும்போதே கிழியும்.

என்னை வாட்டியது அடுத்த கட்டம்தான். முக்கால் மணி நேரம் பம்ப் ஓட்டி, வாக்யூம் 29.5 இன்ச் (பாதரச அளவு) வந்ததும் வால்வை மூடினேன். பதினைந்து நிமிடத்தில் முள் 28.5க்கு இறங்கியிருந்தது. மறுபடியும் லீக்கா என்று நெஞ்சு படபடத்தது. திரும்ப நைட்ரஜன், திரும்ப நுரை, ஒரு குமிழும் இல்லை. அப்புறம் பம்ப் போட்டு மூடிவிட்டு, ஸ்டூல் போட்டு உட்கார்ந்து முள்ளையே பார்த்தேன். 28.5க்கு வந்தது, அங்கேயே நின்றது. அரை மணி ஆனாலும் அசையவில்லை.

லீக் என்றால் முள் பூஜ்யத்தை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். இது ஓரிடத்தில் நிற்கிறது என்றால் உள்ளே இருப்பது தண்ணீர். 32 டிகிரி வெயிலில் தண்ணீரின் ஆவி அழுத்தம் ஏறத்தாழ 1.4 இன்ச்; முழு வாக்யூமான 29.9லிருந்து அதைக் கழித்தால் 28.5. கணக்கு அப்படியே பொருந்தியது! கடலோரக் காசிமேட்டுக் காற்று மாதக்கணக்கில் ஓட்டைக் குழாய்க்குள் போய் வந்திருக்கிறது, ஈரம் இல்லாமல் எப்படி இருக்கும்? அந்த ஈரத்தோடு கேஸ் ஏற்றினால் எக்ஸ்பான்ஷன் வால்வில் ஐஸ் கட்டி அடைக்கும், ஆயிலோடு சேர்ந்து அமிலமாகி உள்ளேயே அரிக்கும். இன்னும் இரண்டு மணி நேரம் பம்ப் ஓட்டினேன். அதன்பின் மூடி ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தேன். 29.5. அந்த முள்ளைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

கேன் வாங்குபவர்களுக்கு ஒரு விஷயம். காலையில் 30 டிகிரியில் கேஜை மாட்டினால் சுத்தமான 134ஏ (கார் ஏசி கேஸ்) 97 பிஎஸ்ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். நான் வாங்கிய ஒரு கேன் 125 காட்டியது. கலப்படம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு கடையில் வாங்கினேன்.

கேஸ் ஏற்றுவது சுலபமாகவே முடிந்தது. அளவு போட்ட ஸ்டிக்கர் உப்புக் காற்றில் அழிந்துபோனதால், 450 கிராம் கேன்களைச் சமையலறைத் தராசில் வைத்து, கேஜையும் பார்த்துக்கொண்டே அழுத்தம் குறைந்த லோ சைடில் மட்டும் மெல்ல விட்டேன். வண்டி ஓடும்போது அழுத்தம் கூடிய ஹை சைடு வால்வைத் திறக்கவே கூடாது, கேன் வெடிக்கும். ஒன்றரை கேனில் லோ 35, ஹை 220 பிஎஸ்ஐ வந்ததும் நிறுத்தினேன்.

பின் ப்ளோயர் இன்னும் இரண்டாம் ஸ்பீடில் மட்டும்தான் சுற்றுகிறது. வேகத்தை மாற்றும் ரெசிஸ்டர் போயிருக்க வேண்டும். சனிக்கிழமை புதுப்பேட்டையில் ஒரு ரவுண்டு போகிறேன், கிடைத்தால் சூட்டை வெளியே தள்ளும் கண்டென்சர் நல்லதாக ஒன்றும் பார்க்க வேண்டும். இருக்கிற கண்டென்சரில் கீழ்வரிசை ஃபின்கள் விரல் பட்டாலே உதிர்கின்றன.