முதன்மைக் கலைஞர் யார்?

பாரிஸில் உள்ள ஓர் ஒலிக் காப்பகத்தில் ஆப்பிரிக்க இசைத்தட்டுகளை எண்ணிம வடிவுக்கு மாற்றிப் பட்டியலிடுவது என் வேலை. தட்டைக் கழுவி உலர்த்தி, ஊசியை வைத்து, ஓடி முடியும்வரை உடனிருந்து கேட்டுவிட்டுப் படிவத்தை நிரப்ப வேண்டும். காங்கோ ரும்பா என்ற ஆட்ட இசையின் சிறிய தட்டுகள் பலவற்றில் ஒரே பாடல் இரு பக்கங்களுக்கும் பிரிந்திருக்கும். பாட்டு முதல் பக்கத்தில் பெரும்பாலும் முடிந்துவிட, மறுபக்கத்தில் கிதார்கள் ஒன்றையொன்று துரத்தும் 'செபேனே' என்ற ஆட்டப் பகுதி வரும். என்னைப் பிடித்து நிறுத்தியவை முதல் பக்கங்களில் ஒலித்த பெண் குரல்கள்தாம்.

எங்கள் படிவத்தில் 'முதன்மைக் கலைஞர்' என்று ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. ஒட்டுத்தாளில் பெரிய எழுத்தில் உள்ள பெயரை அதில் எழுதுவது வழக்கம். அது பெரும்பாலும் இசைக்குழுவின் பெயராகவோ பாடலை இயற்றிய ஆணின் பெயராகவோ இருக்கும். 1950களில் லியோபோல்ட்வில்லில், அதாவது இன்றைய கின்ஷாசாவில், பாடிப் புகழ்பெற்ற லூசி எயெங்காவைப் போன்ற ஒரு முன்னோடிகூட இந்த வழக்கத்தால் தேடுபவரின் கண்ணில் படாமல் போகலாம்.

பாடகி அபேட்டி மசிகினியின் நிலை வேறு. 1973இல் பாரிஸின் ஒலிம்பியா அரங்கிலும் மறு ஆண்டு நியூயார்க்கின் கார்னகி அரங்கிலும் பாடிய அவர், தம் பெயரிலேயே மேடையேறியவர். அவருடைய தட்டுகளில் நான் தயங்க வேண்டியதில்லை. அவருடைய குழுவில் நடனமாடித் தொடங்கியவர்தான் எம்பிலியா பெல். பின்னர் தாபு லே ரொஷரோவின் அஃப்ரிசா குழுவில் சேர்ந்த அவர், 1982இல் 'எம்பேவே யா லோங்கோ' பாடலில், கணவன் கைவிட்டபின் பிள்ளைகளைத் தனியே வளர்க்கும் பெண்ணாக நின்று பாடினார். அந்தப் பாட்டைக் காங்கோப் பெண்கள் தங்களுடையதாக ஏற்றுக்கொண்டார்கள். குரல் எங்கும் உடைவதில்லை. அழுகையை அடக்கியபடி வழக்குரைப்பவரின் உறுதி அதில் இருக்கிறது. தாபு லே மாபெரும் இசையாளர் என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆயினும் அந்த உறுதியைப் பாட்டுக்குக் கொடுத்தவர் பாடியவரே என்று நான் நம்புகிறேன். இளம்பிள்ளை வாதத்தால் கால் பாதிக்கப்பட்டும் மேடையை விடாத பாடகி எம்பொங்கோ லவ், மயாவுலா மயோனி இயற்றிய 'என்தாயா' என்ற பாட்டைப் பாடியதைக் கேட்டபோதும் இதுவே தோன்றியது. எம்பொங்கோ லவ் 1990இல் இளம் வயதிலேயே காலமானார்.

2021இல் காங்கோ ரும்பா யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தபின், எங்களிடம் வரும் கேள்விகள் கூடின. வந்தவர்களில் பெரும்பாலோர் கிதார் கலைஞர் ஃபிராங்கோவையும் தாபு லேயையும் கேட்டார்கள். எங்கள் காப்பகப் பட்டியலில் பெண்களின் பெயர் இல்லாவிட்டால் அவர்களைத் தேடுவதற்கும் வழியில்லை. கின்ஷாசாவில் வளர்ந்த மூத்த சக பணியாளர் ஒருவருடன் சேர்ந்து, 'பாடிய குரல்' என்று தனிக் கட்டம் வேண்டும் எனக் கேட்டு எழுதினேன். நெடுநாள் இழுபறிக்குப் பிறகு அது கிடைத்தது. இப்போது பழைய பதிவுகளை மீண்டும் கேட்டு அந்தக் கட்டத்தை நிரப்பி வருகிறோம். அந்தச் சக பணியாளர், பாடும் குரலைக் கேட்டே சிலரை அடையாளம் சொல்லிவிடுவார். நான் அதை வேறு தட்டுகளோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்பே எழுதுவேன். பின்குரல் கொடுத்த பெண்கள் பலரின் பெயர் எந்த உறையிலும் இல்லை. அங்கே கட்டத்தை வெறுமையாக விடாமல், 'பெண் குரல், பெயர் அறியப்படவில்லை' என்று பதிகிறோம். இனித் தேடி வருபவருக்கு எந்தத் தட்டிலிருந்து தொடங்குவது என்றாவது தெரியும்.