உடம்பில் டேட்டம் எங்கே இருக்கிறது?

அத்தைக்குப் பக்கவாதம் வந்து மூன்று வருஷம் ஆகிறது. கை ஓரளவு திரும்பிவிட்டது. இடது பாதம்தான் தூக்க வராமல் இன்னும் தரையை உரசுகிறது. வாசற்படி ஏறும்போதெல்லாம் பெருவிரல் இடித்துக்கொள்ளும். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் போன ஆடியில் இந்த வேலையில் இறங்கினேன். கணுக்காலுக்கு மோட்டார் உதவி தரும், காலில் மாட்டிக்கொள்ளும் ரோபோ சட்டகம். எக்ஸோஸ்கெலிட்டன் என்கிறார்கள்.

அமெரிக்காவின் நார்தர்ன் அரிசோனா பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வுக்குழு, ஓப்பன் எக்ஸோ என்ற பெயரில் வரைபடம், புரோகிராம், பொருத்தும் முறை எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டிருக்கிறது. 2025இல் சயன்ஸ் ரோபாட்டிக்ஸ் இதழில் கட்டுரையும் வந்தது. எலக்ட்ரானிக்ஸுக்கு அவர்கள் வழியிலேயே போகிறேன். மெக்கானிக்கல் பாகங்களைக் கோவை கணபதியில் இருக்கும் அப்பாவின் லேத் பட்டறையில் நாங்களே செய்கிறோம். பகலில் நான் பம்ப் டிசைன் வேலைக்குப் போய்விடுவேன், ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் இது.

மோட்டாரைக் கணுக்காலிலேயே வைத்துவிட்டால் வேலை சுலபம். ஆனால் பாதத்தில் ஒரு கிலோ ஏற்றினால் நடக்க ஆகும் சக்தி, இடுப்பில் அதே ஒரு கிலோ ஏற்றுவதைவிடப் பல மடங்கு கூடும். அதனால் மோட்டார் இடுப்பு பெல்ட்டில் இருக்கும். அங்கிருந்து சைக்கிள் பிரேக் மாதிரி, உறைக்குள் ஓடும் கேபிள் கணுக்காலை இழுக்கும். கேபிளுக்குத் தள்ளத் தெரியாது. ஆகவே பாதத்தைத் தூக்க ஒன்று, தரையை உந்த ஒன்று என ஒரு காலுக்கு இரண்டு கேபிள்.

உந்தும் பக்கம்தான் பாரம் அதிகம். கணுக்காலில் 12 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை (திருப்பும் பலம்) வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். கணுக்கால் கப்பியின் ஆரம் 50 மி.மீ. அப்படியானால் கேபிளில் 240 நியூட்டன் இழுவை, ஏறக்குறைய ஒரு அரிசிச் சிப்பத்தின் எடை. இடுப்பில் இருக்கும் ஏகே80-9 மோட்டாரின் கப்பிக்கு ஆரம் 25 மி.மீ. உராய்வே இல்லை என்றால் 6 நியூட்டன் மீட்டரில் முடிந்துவிடும். ஆனால் உறைக்குள் கேபிள் எவ்வளவு வளைகிறதோ அவ்வளவு இழுவையை உராய்வு தின்றுவிடும். உராய்வுக் குணகம் 0.1 என்று எடுத்துக்கொண்டால், மொத்த வளைவு 180 டிகிரிக்குக் கால் பங்குக்கு மேல் போய்விடுகிறது. 90 டிகிரியில் நிறுத்தினால் ஏறக்குறைய 15 சதவீதம்தான் நஷ்டம். இரண்டு வாரம் நான் செய்த வேலையெல்லாம், தொடையின் பின்பக்கமாகக் கேபிளை எவ்வளவு நேராக இறக்கலாம் என்று பார்த்ததுதான். இப்போது மோட்டாரிடம் 7 நியூட்டன் மீட்டர் கேட்டால் போதும். அது தொடர்ந்து 9 வரை தரும்.

கணக்கு சரியா என்று பார்க்க, பட்டறை உத்தரத்தில் கப்பியை மாட்டி நிஜமாகவே 25 கிலோ சிப்பம் ஒன்றைத் தொங்கவிட்டோம். 3டி பிரிண்டரில் அடுக்கடுக்காக அடித்த பிளாஸ்டிக் கப்பி பத்து நிமிஷம் தாங்கியது. அப்புறம் போல்ட் துளை ஓரமாக, அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவில் வாய் பிளந்தது. நிற்க வைத்து அடித்திருந்தேன், இழுவை சரியாக அடுக்குகளைப் பிரிக்கிற திசையில் விழுந்திருக்கிறது. அப்பா அதை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "மரத்துல நார் ஓடற திசை பாக்காம இழைப்பாங்களா?" என்று கேட்டார். மறுநாள் அலுமினிய உருளையில் அவரே கப்பி கடைந்து கொடுத்தார். பள்ளத்தின் ஓரத்தில் விரலை வைத்துச் சுற்றினால் ஒரு பிசிறு கிடையாது. பிசிறு இருந்தால் கேபிளின் இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துவிடும். பாரம் விழும் பாகத்துக்கு இனி பிரிண்டர் இல்லை, மூடிக்கும் கிளிப்புக்கும் மட்டும்தான்.

இதுவரை சொன்னது எல்லாமே எங்களுக்குப் பழகிய வேலை. பழகாத இடம், சட்டகம் காலைத் தொடுகிற இடம்.

முதல் சட்டகத்தை என் காலில் மாட்டி நடந்தேன். நூறு அடி போவதற்குள் கெண்டைக்கால் பட்டை மேலும் கீழும் நழுவித் தோலை இழுத்தது. கழற்றினால் முன்னெலும்பின் மேல் சிவந்த கோடு. வரைபடத்தை அப்பாவிடம் காட்டினேன்.

"டேட்டம் எங்கடா வெச்சிருக்க? எதப் புடிச்சு அளந்த?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். லேத்தில் ஒரு முகத்தைச் சமன் செய்துவிட்டால் அதுதான் டேட்டம், எல்லா அளவும் அங்கிருந்து போகும். காலில் அப்படி ஒரு முகம் இல்லை. முன்னால் எலும்பு, பின்னால் கெண்டைச் சதை, அதுவும் நடக்க நடக்க உப்பி இறங்குகிறது. கணுக்கால் அச்சும் நேராக இல்லை. வெளிப்பக்க எலும்பு முடிச்சு உட்பக்கத்தைவிடத் தாழ்ந்தும் சற்றுப் பின்தள்ளியும் இருக்கும். அச்சு அந்தச் சாய்வில்தான் ஓடுகிறது. நான் பாதத் தட்டிலிருந்து உயரம் அளந்து, இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் துளை போட்டிருந்தேன். சட்டகத்தின் அச்சு உடம்பின் அச்சிலிருந்து 10 மி.மீ. விலகினாலே போதும், பாதம் 30 டிகிரி திரும்பும்போது பட்டை 5 மி.மீ. நழுவியாக வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் 5 மி.மீ. தோல்தான் அதைத் தாங்கிக்கொண்டிருந்தது.

துளைக்குப் பதிலாக நீள்துளை போட்டு, இரு பக்கமும் தனித்தனியாக ஏற்றி இறக்கும்படி மாற்றினோம். எங்கே நிறுத்துவது என்பதற்கு அப்பா ஒரு வழி சொன்னார். பட்டறையில் இரண்டு முகங்கள் சரியாக உட்காருகின்றனவா என்று பார்க்க ப்ளூ என்கிற நீல மையைத் தடவி ஒட்டிப் பார்ப்போம். மேடான இடத்தில் நீலம் ஒட்டும். பட்டையின் உட்பக்கம் அதையே மெலிதாகத் தடவி, வெள்ளை சாக்ஸை முழங்கால் வரை இழுத்துவிட்டு நடக்கச் சொன்னார். கழற்றியபோது சாக்ஸில் நீளநீளமாகத் தீற்றல். அச்சை 3 மி.மீ. இறக்கினோம், தீற்றல் குட்டையானது. வெளிப்பக்கத்தை மட்டும் இன்னும் 4 மி.மீ. இறக்கினோம். ஆறாவது சாக்ஸில் கோடு போய், உள்ளங்கை அகலத்துக்கு ஒரே சீரான நீலப் புள்ளி. நழுவல் நின்றுவிட்டது. அந்த சாக்ஸைத் துவைக்காமல் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன்.

பட்டையையும் புதிதாகச் செய்தோம். ஜெய்ப்பூர் கால் செய்பவர்கள் ஹெச்டிபிஇ என்ற கெட்டி பிளாஸ்டிக் குழாயைச் சூடாக்கி, மாவுக்கட்டு அச்சின்மேல் போர்த்தி வடிவம் எடுப்பார்கள். அதே முறை. உள்ளே ஃபோம், ஓரமெல்லாம் வெளிப்பக்கம் மடக்கியது. கணுக்கால் பக்கத்தில் தலை தூக்கி நின்ற போல்டுகள் போய், தலை உள்ளே அமரும் கவுண்டர்சங்க் (சிஎஸ்கே) ஸ்க்ரூக்கள் வந்துவிட்டன.

மோட்டாரின் உச்ச முறுக்கு விசை 18 நியூட்டன் மீட்டர். புரோகிராம் தடுமாறி அது முழு மூச்சில் இழுத்தாலும் கால் முறியக் கூடாது. அதற்குப் புரோகிராமை நம்ப எனக்கு மனசு வரவில்லை. பாதம் மேலே 15, கீழே 30 டிகிரிக்கு மேல் திரும்பாதபடி 6 மி.மீ. ஸ்டீல் பின் இரண்டு வைத்திருக்கிறேன். இழுத்தாலும் பின்னில் முட்டி நிற்கும்.

அத்தை தினமும் வந்து பார்ப்பார். "ஏங் கண்ணு, இதப் போட்டா நம்ம வாசப்படி ஏறிருவனா?" என்று கேட்டார். படி பிறகு, முதலில் கூடத்தில் நடப்போம் என்றேன். பிசியோதெரபிஸ்ட், மோட்டாரை இணைக்காமல் வெறும் சட்டகத்தை மட்டும் தன் முன்னால் மாட்டிப் பார்க்கலாம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை அத்தையின் காலுக்கு மாவுக்கட்டு போட்டு அச்சு எடுத்தோம். அவருடைய குதிகால் உள்பக்கம் திரும்பியிருக்கிறது, என் காலுக்கு வைத்த எந்த அளவும் பொருந்தாது. அச்சு திண்ணையில் காய்கிறது. அப்பா இன்னொரு டஜன் வெள்ளை சாக்ஸ் வாங்கி வைத்துவிட்டார்.