ஷெர்சருக்குக் கொடுத்த 15.5 மில்லியன் வீணா?

கோலாலம்பூர் செந்தூலில் அத்தை வீட்டில் முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தபோதுதான் மச்சானோடு இந்த வாக்குவாதம் ஆரம்பித்தது. 2025 அக்டோபர் 17, வெள்ளிக்கிழமை காலை, தீபாவளிக்கு இன்னும் மூன்றே நாள். சியாட்டலில் அது வியாழக்கிழமை சாயங்காலம். மைலோ டின்னில் கைப்பேசியைச் சாய்த்து வைத்து, ஒரு கண் எண்ணெய்ச் சட்டியிலும் ஒரு கண் ஆட்டத்திலுமாக நான் உட்கார்ந்திருந்தேன். டொரண்டோ புளூ ஜேஸ் என்ற பேஸ்பால் அணிக்குப் பந்து வீசிய பிட்சர் மேக்ஸ் ஷெர்சர், வயது 41.

மச்சான் கணக்கர். "15.5 மில்லியன் டாலர் மச்சான், நம்ம காசுக்கு அறுபது மில்லியன் வெள்ளிக்கு மேல. ஒரே வருஷத்துக்கு! இந்தக் காசுல ரெண்டு நல்ல ரிலீவர் எடுத்திருக்கலாம்" என்றான். ரிலீவர் என்றால் ஆட்டத்தின் நடுவில் வந்து பந்து வீசுகிறவர்.

அவன் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. டெக்சஸ் அணியோடு ஒப்பந்தம் முடிந்து ஃப்ரீ ஏஜென்ட்டாக இருந்த ஷெர்சரை டொரண்டோ ஒரு வருஷத்துக்கு எடுத்தது. அதற்கு முந்தின சீசனில், முதுகு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு, அவர் முதல் பிட்சராகத் தொடங்கியது 9 ஆட்டம்தான். டொரண்டோவில் முதல் ஆட்டத்திலேயே மூன்று இன்னிங்ஸ் (மூன்று அவுட் ஒரு இன்னிங்ஸ், ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது) வீசிவிட்டு வெளியேறினார், காரணம் வலது கட்டைவிரல். கட்டைவிரல்தானே என்று தோன்றும். ஆனால் பந்தைப் பிடிக்கும் பிடி கொஞ்சம் மாறினாலும் அந்தப் பாரம் முன்கை, தோள், விலா வரைக்கும் ஏறிவிடும். மறுபடி அவர் வந்தது ஜூன் கடைசியில். சீசன் முழுக்கவும் 17 ஆட்டம், 85 இன்னிங்ஸ், விட்டது ஒன்பது இன்னிங்சுக்கு 5.19 ரன் சராசரி, இது குறையக் குறையத்தான் நல்லது. செப்டம்பரில் நல்ல அடி வாங்கினார், பட்டத்துக்காக அக்டோபரில் நடக்கும் ப்ளே-ஆஃபில் டொரண்டோ ஆடிய முதல் சுற்றில் நியூயார்க் யாங்கீஸுக்கு எதிரான பட்டியலில் அவர் பெயரே இல்லை.

அதே வருஷம் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் 42 வயது ஜஸ்டின் வெர்லாண்டரை 15 மில்லியனுக்கு எடுத்தது. அவர் 29 ஆட்டம், 152 இன்னிங்ஸ், சராசரி 3.85. வகுத்துப் பார்த்தால் ஷெர்சரின் ஒரு இன்னிங்சுக்கு ஏறக்குறைய 1,82,000 டாலர், வெர்லாண்டருக்கு 99,000கூட வரவில்லை. மச்சான் கால்குலேட்டரை என் முகத்துக்கு நேராக நீட்டினான். சரி, கணக்கு கணக்குதான். ஆனால் ஜயன்ட்ஸ் 81 வெற்றி 81 தோல்வியோடு வீட்டுக்குப் போய்விட்டது. வெர்லாண்டர் மேல் குற்றமில்லை, நன்றாகத்தான் வீசினார், ஆனால் அந்த அணிக்கு அக்டோபரே இல்லாமல் போய்விட்டது.

கிழப் பிட்சரை ஒரு வருஷத்துக்கு எடுக்கிற அணி 180 இன்னிங்ஸ் கேட்டு வாங்குவதில்லை என்பதுதான் என் கருத்து. அதற்கு 27 வயதுப் பையன்கள் இருக்கிறார்கள். அக்டோபரில், ஐம்பதாயிரம் பேர் கத்தும்போது, கை நடுங்காமல் ஐந்து இன்னிங்ஸ் ஓட்டுகிற ஆளுக்குத்தான் அந்தக் காசு. இங்கே முக்கியம் 'ஒரு வருஷம்' என்பது. இதே ஷெர்சருக்கு 37 வயதில் நியூயார்க் மெட்ஸ் அணி கொடுத்தது மூன்று வருஷத்துக்கு 130 மில்லியன். இரண்டாவது வருஷம் பாதியிலேயே, 2023 ஜூலையில், சம்பளத்தில் பெரும்பகுதியைத் தாங்களே கட்டுவதாக ஒப்புக்கொண்டு டெக்சஸுக்கு அனுப்பிவிட்டார்கள். அதைத்தான் நான் கெட்ட ஒப்பந்தம் என்பேன். ஒரு வருஷ ஒப்பந்தத்தில் கை போனாலும் அடுத்த வருஷச் சம்பளத்துக்கு அது சுமையாக வராது.

அத்தை இதை எங்களுக்கு முன்னாடியே புரிந்து வைத்திருக்கிறார். வருஷா வருஷம் கிள்ளானிலிருந்து ஒரு பாட்டியை வரவழைப்பார், பத்து நாள்தான், கூலி எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதைவிட இரண்டு மடங்கு. அச்சுப் பிழிய பாட்டியால் இப்போது முடியாது. நாற்காலியில் உட்கார்ந்து மாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்கிப் பார்ப்பார், "இன்னொரு கை தண்ணி" என்பார், அவ்வளவுதான். அந்தக் காலை உடைந்துகொண்டே இருந்த முறுக்கு அதற்கப்புறம் உடையவில்லை.

ஆட்டத்துக்கு வருகிறேன். ஐந்தாவது இன்னிங்சில் இரண்டு பேர் அவுட், மேனேஜர் ஜான் ஷ்னைடர் பந்து வீசும் மேட்டை நோக்கி நடந்து வருகிறார், பொதுவாகப் பிட்சரை மாற்றத்தான் அப்படி வருவார்கள். பக்கத்தில் வருவதற்குள் ஷெர்சர் கத்த ஆரம்பித்துவிட்டார், ஒரு கண் நீலம் ஒரு கண் பழுப்பு, இரண்டும் தீயாக இருந்தன. ஷ்னைடர் திரும்பிப் போனார். ஷெர்சர் அடுத்தவரை ஸ்டிரைக் அவுட் ஆக்கி இன்னிங்சை முடித்தார். மொத்தம் 5 இன்னிங்சும் இரண்டு அவுட்டும், இரண்டு ரன். டொரண்டோ 8-2 என்று ஜெயித்து சியாட்டலுக்கு எதிரான தொடரை 2-2 ஆக்கியது, அப்புறம் 1993க்குப் பிறகு முதல் தடவையாக இறுதிச் சுற்றான உலகத் தொடருக்குப் போனது.

மச்சான் சொன்னதில் என்னை உறுத்துவது வேறொன்று. ப்ளே-ஆஃபுக்கு முன், சீசன் முடிவில், டொரண்டோவும் யாங்கீஸும் 94 வெற்றியில் சமம். நேருக்கு நேர் ஆட்டங்களில் முன்னிலை என்பதால்தான் டொரண்டோவுக்குப் பிரிவுப் பட்டம். செப்டம்பரில் ஷெர்சர் வாங்கிய அடியால் இன்னும் ஒரு ஆட்டம் போயிருந்தால் அந்தப் பட்டமே கை நழுவியிருக்கும். அந்த ஆபத்தையும் சேர்த்துத்தான் வாங்கினார்கள்.

நவம்பர் 2, ஞாயிறு காலை எட்டு மணி, பிரிக்பீல்ட்ஸில் மச்சான் வீடு. லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸுக்கு எதிராக ஏழாவது, கடைசி ஆட்டம். உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தைத் தொடங்கியவர்களில் ஷெர்சர்தான் ஆக மூத்தவர். ஐந்தாவது இன்னிங்சில் ஒரு அவுட்டோடு அவரை வெளியே எடுத்தபோது விட்டது ஒரே ரன், டொரண்டோ 3-1 முன்னிலை. அக்டோபர் தொடங்கி மூன்று ஆட்டம், 43 அவுட், சராசரி 3.77. அந்த 43 அவுட்டுக்காக 15.5 மில்லியனைத் திரும்பவும் கொடுக்கச் சொன்னால் நான் கொடுப்பேன்.

அப்புறம் எட்டாவதில் டாட்ஜர்ஸுக்கு ஒரு ஹோம் ரன், ஒன்பதாவதில் மிகேல் ரோஹாஸ் அடித்தது, பதினொன்றாவதில் வில் ஸ்மித் அடித்தது. 5-4 என்று டாட்ஜர்ஸ் ஜெயித்தது. மச்சான் வாயைத் திறந்து "ரிலீவர்" என்றான், அதற்கு மேல் அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை, தட்டில் ரொட்டி சானாய் ஆறிப்போயிருந்தது.