பூட்டிய வீடு

"பால் பாக்கெட், பேப்பர் நிறுத்தச் சொல்லிட்டீங்களாம்மா? வாசல்ல குவிஞ்சா வீட்ல ஆள் இல்லைன்னு தெரிஞ்சிடும்."

ஊருக்குக் கிளம்பிய எதிர்வீட்டு அக்காவிடம் ரோந்துக் காவலர் கேட்டது இது. தேதியையும் பக்கத்து வீட்டு நம்பரையும் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். ராத்திரி ரோந்தில் கேட்டை இழுத்துப் பார்ப்பாராம்.

1993-இல் ராமநாதபுரத்தில் பிரதீப் வி. பிலிப் எஸ்.பி.யாக இருந்தபோது பொதுமக்கள் காவலருக்கு உதவும் 'ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' அமைப்பைத் தொடங்கினார். சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் இறந்த கொடுமைக்குப் பிறகு, 2020-இல் அரசு அதைத் தடை செய்தது. சரியான முடிவுதான். காவலரோடு சேர்ந்து அதிகாரம் காட்ட நமக்குத் தனிப்படை எதற்கு?

தெருவில் யார் வீடு பூட்டியிருக்கிறது, எந்தப் பாட்டி தனியாக இருக்கிறார் என்று தெரிந்த காவலர் போதும். அவரைச் சட்டென்று வேறு ஸ்டேஷனுக்கு மாற்றாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.